“இது சுகருக்கு நல்லதா சார்?”

மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பெரியபாளையம் பக்கம் இருக்கிற என் மூன்றரை ஏக்கரிலிருந்து அரிசி, உளுந்து, வேர்க்கடலை, கீரை என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு கொருக்குப்பேட்டைக்கு வருவேன். நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. வங்கியில் 34 வருடம் பேனா பிடித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மண்வெட்டி பிடித்தவன் நான். அப்போது கடன் கேட்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள்தான் இப்போது என்னிடம் அரிசி வாங்குகிறார்கள். ஹார்பரில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள், குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், மணலி கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். கிலோ என்ன விலை என்று கேட்பதற்கு முன்னாடியே பத்தில் ஏழு பேர் கேட்கும் கேள்வி, “இது சுகருக்கு நல்லதா சார்?”

‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் மூட்டை காலியாகிவிடும். இயற்கை வேளாண்மையில் இருக்கிற நம்மில் பலர் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பையிலேயே அச்சடித்தும் விற்கிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எனக்கும் 15 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. அலோபதி மாத்திரையும் சாப்பிடுகிறேன், ஆயுர்வேத மருத்துவரிடமும் போகிறேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

வடசென்னைக்கும் சர்க்கரை நோய்க்கும் ஒரு பழைய உறவு உண்டு. இந்தியாவிலேயே நீரிழிவுக்கென்று தனியாக ஒரு பிரிவு முதலில் வந்தது எங்கள் பக்கத்தில் இருக்கிற ஸ்டான்லி மருத்துவமனையில்தான் என்று மருத்துவ வட்டாரத்தில் சொல்வார்கள். 1948-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் அதை ஆரம்பித்தார். 1954-ல் அவரே ராயபுரத்தில் நீரிழிவுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். கொருக்குப்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் காலத்தில் சர்க்கரைக்காரர் என்றால் சோற்றையே தொடாதே என்பதுதான் வெளிநாட்டு வைத்தியம். சோறு சாப்பிடுகிற ஜனங்களிடம் அது எடுபடாது என்று புரிந்துகொண்டு, நார்ச்சத்து அதிகமுள்ள, நம் ஊர்த் தானியத்தை அடிப்படையாகக் கொண்ட உணவு முறையை அவர் முன்வைத்தார். இன்று நாம் சிறுதானியம், தீட்டாத அரிசி என்று பேசுவதை அலோபதிக்காரர் ஒருவர் ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு எப்போதோ பேசியிருக்கிறார். ‘இங்கிலீஷ் மருத்துவர்கள் உணவைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை’ என்று நம் கூட்டங்களில் மேடைக்கு மேடை பேசுகிற நண்பர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

அவருடைய மகன் டாக்டர் வி. மோகன் குழுவினர், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வீட்டுக்கு ஒருத்தர் என்று கொருக்குப்பேட்டையில் நான் பார்ப்பது கணக்குக்குப் பொருந்தித்தான் வருகிறது.

அரிசியைப் பற்றி உண்மையான கணக்கு

வங்கிக்காரன் என்பதால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம். தீட்டாத அரிசியில் 75. கேழ்வரகில் 67, வரகில் 66, கம்பில் 62. பார்த்தீர்களா? தீட்டாத அரிசிக்கும் தீட்டிய அரிசிக்கும் மாவுச்சத்தில் வித்தியாசம் 3 கிராம்தான். வித்தியாசம் இருப்பது நார்ச்சத்தில். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை, தீட்டாததில் நாலரை, கம்பிலும் கேழ்வரகிலும் 11-க்கு மேல். நார் இருந்தால் மாவுச்சத்து மெதுவாகச் சர்க்கரையாகி ரத்தத்தில் இறங்கும். மடையைப் பாதி திறந்து வைத்த மாதிரி. ஆனால் தண்ணீர் முழுக்க வயலுக்குத்தான் வந்து சேரும். நாலு தட்டு வரகுச் சோறு சாப்பிட்டால் அது ஒரு தட்டு வெள்ளைச் சோற்றைவிட மோசம்.

சென்னையில் அதிக எடையுள்ளவர்களை வைத்து நடத்தி 2014-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி கொடுத்தபோது 24 மணி நேரத்தில் சர்க்கரை ஏறும் அளவு சுமார் 20 சதவீதம் குறைந்தது. கூடவே பயறும் சேர்த்தபோது 23 சதவீதம். நல்ல பலன்தான், நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 20 சதவீதம் என்பது 100 சதவீதம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. லேசாகத் தீட்டினாலே அரிசியின் இந்தக் குணம் குறைந்துபோகிறது என்றும் அதே ஊர் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ‘சிங்கிள் பாலிஷ்’ போட்டுவிட்டு, அதைச் சர்க்கரைக்காரர்களுக்கான அரிசி என்று விற்பது நியாயமில்லை. மாப்பிள்ளைச் சம்பாவோ கருப்புக் கவுனியோ, மேல்தோலை ஆலையிலேயே விட்டுவிட்டு வந்தால் பெயர்தான் மிச்சம்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி கதை இன்னும் விசேஷம். “வெள்ளைச் சர்க்கரையத்தான் சார் விட்டுட்டேன், இப்போ காப்பிக்குக் கருப்பட்டிதான்” என்று பெருமையாகச் சொல்வார்கள். இரும்புச்சத்து கொஞ்சம் இருக்கும், மறுக்கவில்லை. மற்றபடி அதுவும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான். கணையத்துக்குக் கரும்பு ஆலையும் தெரியாது, பனங்காடும் தெரியாது.

நஞ்சில்லாமல் விளைவிப்பதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளோடு அதிகம் புழங்கிய கிராமத்து மக்களிடம் நீரிழிவு அதிகமாக இருந்தது. எலிகளிடம் சோதித்தபோது, குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த மருந்தைச் சிதைப்பதும் அதனால் சர்க்கரை ஏறுவதும் தெரிந்தது. மருந்தடிப்பவன் உடம்புக்கு முதல் ஆபத்து என்று நாம் சொல்லிவருவதற்கு இது நல்ல ஆதாரம். மருந்தில்லாமல் விளைந்த அரிசி வந்த நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு இது ஆதாரமில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பையில் அச்சடித்த வாக்குறுதி

குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர், 50 வயதை நெருங்குகிறவர், வேறு எங்கோ ஒரு பாரம்பரிய அரிசி வாங்கினார். பையில் ‘சர்க்கரை நோயை அடியோடு விரட்டும்’ என்று போட்டிருந்தது. ஐந்து மாதம் கழித்துப் பார்க்கிறேன், காலில் கட்டு. செருப்பு கடித்த இடம் கொப்புளமாகி, அவருக்கு வலியே தெரியாமல் புண்ணாகி, கடைசியில் இரண்டு விரலை எடுத்திருக்கிறார்கள். மாத்திரை சாப்பிடவில்லையா என்று கேட்டேன். “இத்த துன்னா மாத்திர தேவையில்லனு பையிலயே போட்டுருக்குதுண்ணா. படிச்சவங்கதானே போட்டுருப்பாங்க” என்றார்.

மூட்டை தூக்குகிறவருக்குக் கால் போனால் வேலை போச்சு. அவருக்கு நஷ்ட ஈடு யார் கொடுப்பது? பையில் அச்சடித்தவர் விலாசம்கூட முழுசாக இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954-ல் வந்தது, ராயபுரம் மருத்துவமனை வந்த அதே வருடம். எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. நீரிழிவு அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே ‘குணமாகும்’, ‘விரட்டும்’, ‘மாத்திரை வேண்டாம்’ போன்ற சொற்களைப் பையில் போடும் உழவர் குழுக்கள் தங்கள் தலையில் தாங்களே வழக்கை ஏற்றிக்கொள்கின்றன. வங்கியில் ‘திருப்பிக் கட்ட முடியாத கடனுக்கு ஜாமீன் போடாதே’ என்போம். எங்கள் குழுவில் போன வருடம் உட்கார்ந்து பேசி, பையில் ரகம், அறுவடை மாதம், எத்தனை தீட்டல், புழுங்கலா பச்சையா என்பதை மட்டும் போடுவது என்று முடிவெடுத்தோம். விற்பனை கொஞ்சம் குறைந்தது. ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது.

ஆயுர்வேதம் என்ன சொல்கிறது

ஆயுர்வேதத்தில் இதற்குப் பிரமேகம் என்று பெயர். 20 வகை சொல்வார்கள். அதில் முற்றிய நிலை மதுமேகம், சித்தத்திலும் அதே பெயர் வழங்குகிறது. சரகர் இதற்குச் சொல்லும் காரணங்களைப் படித்தால் என் வங்கி வாழ்க்கையைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கும். உட்கார்ந்தே இருக்கும் சுகம், தூக்க சுகம், தயிர், பால், புதுத் தானியம், வெல்லத்தில் செய்த பண்டம். கவனியுங்கள், வெல்லம் காரணங்களின் பட்டியலில் இருக்கிறது, மருந்துப் பட்டியலில் இல்லை. பிறவியிலேயே வருவது, தவறான உணவுப் பழக்கத்தால் வருவது என்று சுசுருதர் இரண்டாகப் பிரித்தார். இன்றைய டைப் 1, டைப் 2 அப்படியே அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. என்றாலும் அந்தக் கூர்மையான கவனிப்பு ஆச்சரியம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது சுசுருதரின் சிகிச்சை. வசதியுள்ளவர் சாமை வகைத் தானியம், காட்டு நெல், நெல்லிக்காய், விளாம்பழம் என்று சாப்பிட்டுக் காட்டில் திரிய வேண்டும். காசில்லாதவர் ஊருக்கு ஒரு ராத்திரி தங்கி, நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும். மற்றவர்கள்? ஓயாமல் உழ வேண்டும், இல்லாவிட்டால் கிணறு வெட்ட வேண்டும்! உழவையே மருந்தாக எழுதிக்கொடுத்த வைத்தியர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். டிராக்டர் வாடகைக்கு எடுத்து, வரப்பில் நின்று போன் பேசுகிற உழவை அவர் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதே இடத்தில் செருப்பும் குடையும் இல்லாமல் நடக்கச் சொல்கிறார். இங்கேதான் நான் நவீன மருத்துவத்தின் பக்கம் நிற்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூலிகை விஷயத்துக்கு வருவோம். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்ற மாதிரி இருக்கும், நாக்கு இனிப்பை மறந்துவிடும். வேங்கை மரக் குவளையில் ராத்திரி தண்ணீர் வைத்துக் காலையில் குடிப்பது பழைய வழக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 1990-களில் வேங்கையை, புதிதாக நோய் தெரிந்தவர்களிடம் சோதித்து, பலருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டதாகப் பதிவு செய்திருக்கிறது. மஞ்சளும் நெல்லிக்காயும் சேர்ந்த நிசாமலகி ஆயுர்வேதத்தில் பேர் பெற்றது. வெந்தயத்துக்கும் ஆய்வுகள் உண்டு. ஆனால் ஐதராபாத் ஆய்வுகளில் வெந்தயம் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 25 கிராமிலிருந்து 100 கிராம் வரை. நாம் ராத்திரி ஊறவைக்கும் ஒரு தேக்கரண்டி எவ்வளவு இருக்கும்? அளவு தெரியாமல் பலனை மட்டும் பேசுவது, ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்று தெரியாமல் பஞ்சகவ்யம் தெளிப்பது மாதிரி.

நான் போகும் ஆயுர்வேத மருத்துவர் முதல் நாள் கேட்டது என் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மாத்திரைச் சீட்டையும்தான். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. நிசாமலகி கொடுத்தார், ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடிக்கச் சொன்னார், பழைய அரிசி சாப்பிடச் சொன்னார், மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டோடு வரச் சொன்னார். அது மாதிரி மருத்துவர்களை நம்பலாம். முதல் நாளே ‘எல்லாத்தையும் தூக்கிப் போடு’ என்று சொல்பவரிடம் இரண்டாவது நாள் போகாதீர்கள். அரும்பாக்கத்தில் இருக்கும் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையிலும், ஊர்ப்பக்கம் அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தா பிரிவுகளிலும் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், செலவும் இல்லை.

பேர் இல்லாத டப்பாவில் வரும் பொடிதான் பயம். 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. சில பொடிகளில் இங்கிலீஷ் மாத்திரையையே அரைத்துக் கலந்து விற்றதும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ‘மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது’ என்பதும் சரியில்லை. கொரோனா காலத்தில் தினமும் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள்.

மாத்திரை என்றாலே ரசாயனம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி. மெட்பார்மின் மாத்திரையின் பூர்வீகம் காலெகா என்ற செடி. ஐரோப்பாவில் பழைய நாட்டு வைத்தியச் செடி அது. நாம் பசுந்தாள் உரமாக மடக்கி உழுகிற கொழுஞ்சியின் குடும்பம். அதிலிருந்த பொருளை ஒட்டி உருவாக்கி, 1957-ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்தார். விலையும் மிகக் குறைவு. நம் மாநிலத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 ஆகஸ்டு முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஒன்று மட்டும். வருடக்கணக்காக மெட்பார்மின் சாப்பிட்டால் சிலருக்கு பி12 சத்து குறையும். கால் மரத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் மருத்துவரிடம் கேட்டு அதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கணக்குப் புத்தகம்

வெறும் வயிற்றுச் சர்க்கரை என்பது அன்றைய ஒரு நாள் இருப்பு. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னாடி வாயைக் கட்டினால் நல்லதாகக் காட்டும், தணிக்கைக்கு முன் அவசரமாகப் பணம் போடுகிற மாதிரி. எச்பிஏ1சி என்பது இரண்டு மூன்று மாதச் சராசரி இருப்பு, அதை ஏமாற்ற முடியாது. 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு. நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் 7-க்குக் கீழ் வைத்துக்கொள்ளப் பார்க்க வேண்டும். எனக்கு விவசாயத்துக்கு வந்த வருடம் 8.9 இருந்தது, இரண்டு வருடத்தில் 6.8. இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, களை எடுத்ததன் பங்கு எவ்வளவு, நிசாமலகியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இறங்கியதைப் பார்த்து ஒரு வேளை மாத்திரையைக் குறைத்தது மருத்துவர், நான் இல்லை.

நோய் தெரிந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு, எடையை நன்றாகக் குறைக்கவைத்து மாத்திரை இல்லாமலே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த ஆய்வு ஒன்று பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளியானது. பாதிக்குச் சற்றுக் குறைவான பேருக்கு ஒரு வருட முடிவில் அது சாத்தியமானது. அதுகூட மருத்துவர் மேற்பார்வையில்தான். எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும்.

சர்க்கரை தாழ்ந்துபோவது நம் மாதிரி வயலில் வேலை செய்கிறவர்களுக்குத் தனி ஆபத்து. இன்சுலினோ, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள், கூடவே சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிட்டு, வெறும் வயிற்றில் மண்வெட்டி பிடித்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல், காரணமில்லாத கோபம். வெயில் மயக்கம் என்று நினைத்து வேப்பமரத்தடியில் படுக்கவைத்துவிடுவார்கள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். கருப்பட்டிக்கு வேலை இங்கேதான். நான் மடியில் ஒரு துண்டு முடிந்துவைத்திருக்கிறேன். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி கால். சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் பாதத்து நரம்பு செத்துப்போகும், வலி தெரியாது. வலி தெரியாதவன் முள் குத்தியதையும் அறிய மாட்டான். வெறுங்காலோடு வயலில் இறங்குவதை மண்ணோடு உறவு என்று எழுதுகிறோம், பேசுகிறோம். நரம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்குக் கருவேல முள்ளும் சேற்றில் கிடக்கும் சீசாத் துண்டும் விரலைக் கொண்டுபோய்விடும். வருடம் ஒரு முறை பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நைலான் இழை மாதிரி ஒன்றைப் பாதத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும். மரத்துப்போனவர்கள் எம்.சி.ஆர். ரப்பர் வைத்த செருப்பு போட வேண்டும். தொழுநோயாளிகளின் பாதத்தைக் காப்பாற்ற வந்த ரப்பர் அது, இன்று நமக்கும் உதவுகிறது. நடவுக்குச் சேற்றில் இறங்கத்தான் வேண்டுமென்றால் முட்டிவரை உள்ள ரப்பர் பூட்ஸ் போடுங்கள், போடும் முன் உள்ளே கைவிட்டு அல்லது கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். கரையேறியதும் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடைத்து, பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். கண் மங்கினவர்கள் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். புண்ணில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் காத்திருக்க வேண்டாம். ஒரே நாளில் ஆறுகிற அறிகுறி இல்லையென்றால் மறுநாள் காலையில் மருத்துவமனை வாசலில் நில்லுங்கள்.